இரண்டு நைட்ரஜன், ஆயிரம் நிறம்

சாயத் தொழிலின் தலையெழுத்தை மாற்றிய வேதியியலாளர், பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தது ஒரு பீர் ஆலையில். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரம் 19ஆம் நூற்றாண்டில் பீருக்குப் பெயர்போன ஊர். அங்கிருந்த ஆல்சாப் ஆலையில் 1862இல் வேலைக்குச் சேர்ந்தார் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். பீர் தயாரிப்புக்கான வேதியியல் வேலைகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு. சம்பளம் வாங்கிய வேலை அதுதான் என்றாலும், மனம் ஊறிக்கிடந்தது வேறொன்றில். ஆலை வேலைபோக மிஞ்சிய நேரத்தையெல்லாம், தானே கண்டுபிடித்த ஒருவகை நைட்ரஜன் சேர்மங்களை ஆராய்வதில் செலவிட்டார். 1888இல் இறக்கும்வரை அந்த ஆலையை விட்டு அவர் போகவில்லை.

இன்று உலகில் தயாராகும் செயற்கைச் சாயங்களில் பாதிக்கும் மேலானவை அவர் கண்ட வினையின் வழியே பிறக்கின்றன. நாம் உடுத்தும் சட்டையின் சிவப்பு, இனிப்பின் மஞ்சள், பள்ளி ஆய்வகத்தின் மெத்தில் ஆரஞ்சு எல்லாமே 'அசோ' குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நடுவில் நிற்க, இருபுறமும் கரிம வளையங்கள் இணைந்திருந்தால் அது அசோ சாயம்.

அந்தப் பிணைப்பை உண்டாக்கக் கற்றுக்கொண்டதால் மனிதனுக்கு நிறங்கள் கிடைத்தன. அது உடம்புக்குள் உடைந்தபோது ஓரிடத்தில் உயிர்காக்கும் மருந்தும், இன்னோரிடத்தில் புற்றுநோயும் வந்தன. அசோ சாயங்களின் கதையை நிறங்களின் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

தற்செயலாய்க் கிடைத்த ஊதா

செயற்கைச் சாயம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் வில்லியம் பெர்கின். 1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. பதினெட்டு வயது மாணவரான பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகத் தயாரிக்க முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து வரும் பொருள்களைக் கொண்டு செய்த சோதனையில் மிஞ்சியது கரிய கசடு. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது ஊதா நிறம் வந்தது. 'மாவ்' என்ற அந்த நிறம் ஐரோப்பாவின் நாகரிக உலகைப் பித்துப்பிடிக்க வைத்தது.

பெர்கினின் சாதனை பெரியது. ஆனால், தான் உண்டாக்கியது என்ன என்பது அவருக்கே தெரியாது. மாவ் என்பது ஒரே பொருளல்ல, பல சேர்மங்களின் கலவை. அதன் அமைப்பு முழுமையாகத் தெளிவானது 1994இல்தான். அடுத்த சில ஆண்டுகளில் சந்தைக்கு வந்த மெஜந்தா போன்ற சாயங்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. அனிலீனை ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். நல்ல நிறம் வந்தால் அதிர்ஷ்டம். அடுத்த நிறத்துக்கு மறுபடி குருட்டாம்போக்கில் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு வழிகாட்டியாக வந்தது கிரீஸின் வேதியியல்.

குளிரில் கிடைத்த விடை

கிரீஸ் படிக்கும் காலத்தில் நல்ல பெயர் எடுத்தவரல்ல. மார்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பலமுறை வளாகச் சிறையில் அடைத்திருக்கிறது. ஓராண்டு ஊரைவிட்டே விலக்கியும் வைத்திருக்கிறது. குடும்பச் சொத்தில் பெரும்பகுதியைக் கரைத்த பிறகு, ஆஃபன்பாக் நகரின் தார் ஆலையொன்றில் வேலைக்குப் போனார். 1857இல் அந்த ஆலை தீயில் அழிந்தது. மார்பர்க்கில் ஹெர்மன் கோல்பேயின் ஆய்வகத்துக்கே திரும்பி வந்தார். இந்த முறை வந்தவர் பழைய கிரீஸ் அல்லர், உழைப்பாளி.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் பிக்ராமிக் அமிலம். அதில் ஓர் அமினோ தொகுதி உண்டு. அதாவது, வளையத்தோடு ஒட்டிய ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும். இப்படிப்பட்ட பொருள்களோடு நைட்ரஸ் அமிலம் சேர்ந்தால் நைட்ரஜன் வாயுவாகக் குமிழியிட்டு வெளியேறும், அதன் இடத்தில் ஹைட்ராக்சில் தொகுதி வந்து உட்காரும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. கிரீஸ் அதே வினையைக் குளிர்ந்த நிலையில் செய்தார். நைட்ரஜன் வெளியேறவில்லை. அமினோ தொகுதியின் நைட்ரஜனும் நைட்ரஸ் அமிலத்தின் நைட்ரஜனும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளையத்திலேயே தங்கிவிட்டன. 1858இல் இதை அவர் வெளியிட்டார். அதுவரை யாரும் அறியாத அந்தச் சேர்ம வகைக்கு 'டையசோ' என்று பெயர் வந்தது.

டையசோ சேர்மங்கள் முன்கோபக்காரர்கள். பல, உலர்ந்த நிலையில் வெடிக்கும். கிரீஸ் முதன்முதலில் தயாரித்த பொருள் பிற்காலத்தில் வெடிதூண்டியாகவே பயன்பட்டது. ஆனால், குளிர்ந்த நீர்க்கரைசலாகவே வைத்திருந்தால் சாதுவாக இருக்கும், வேறு பொருள்களோடு சட்டென்று சேரவும் செய்யும். அந்தச் சேர்க்கையை, அதாவது 'இணைப்பு வினை'யை, கிரீஸ் கண்டறிந்தது 1864இல், பீர் ஆலையில் இருந்த காலத்தில்.

ஒரு சோதனைக் குழாயில்

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் எடுத்தவர்கள் இந்த வினையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். கரிமச் சேர்மத்தைக் கண்டுபிடிக்கும் செய்முறைத் தேர்வில், அனிலீன் போன்ற அமீன்களுக்கான 'சாயச் சோதனை' அது.

சில துளி அனிலீனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, குழாயைப் பனிக்கட்டிக்குள் செருகி வைக்க வேண்டும். வெப்பநிலை 0 முதல் 5 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது முக்கியம். இன்னொரு குழாயில் குளிரவைத்த சோடியம் நைட்ரைட் கரைசலை அதில் துளித்துளியாக விட்டால், நைட்ரஸ் அமிலம் அங்கேயே உண்டாகி அனிலீனோடு வினைபுரியும். பார்வைக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது. ஆனால், குழாய்க்குள் இப்போது இருப்பது பென்சீன் டையசோனியம் குளோரைடு. அதைப் பீட்டா நாப்தாலின் காரக் கரைசலில் ஊற்றினால், ஊற்றிய நொடியில் கொழுந்துவிட்டதுபோல் ஆரஞ்சு கலந்த சிவப்பு கிளம்பும். தெளிந்த கரைசல் இரண்டு சேர்ந்து, அடர்ந்த நிறமுள்ள வண்டல் குழாயை நிறைத்துவிடும்.

குழாயைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்துவிட்டு, பிறகு நாப்தாலைச் சேர்த்துப் பாருங்கள், இந்த நிறம் வராது. சூடு ஏறியதும் டையசோனியம் உடைந்து, நைட்ரஜன் குமிழிகளாகப் போய், மிச்சம் இருப்பது ஃபீனால் மட்டும். கிரீஸுக்கு முந்தையவர்கள் கைநழுவவிட்ட நிறம் அந்தக் குமிழிகளோடுதான் போனது.

இந்த வினையின் பெருமை அதன் எளிமையில் இருக்கிறது. உயரழுத்தக் கலன் வேண்டாம், கொதிகலன் வேண்டாம். மரத்தொட்டி, பனிக்கட்டி, உப்பு, அமிலம், காரம் இருந்தால் போதும். பெரிய ஆலைகளில்கூடத் தொட்டிக்குள் பனிக்கட்டியை நேரடியாகக் கொட்டித்தான் சாயம் செய்தார்கள். அதைவிடப் பெரிய பயன் இன்னொன்று உண்டு. முதல் பாதிக்கு அனிலீன் போன்ற எந்த அமீனையும் எடுக்கலாம். இரண்டாம் பாதிக்கு ஃபீனால், நாப்தால், வேறொரு அமீன் என்று எதையும் எடுக்கலாம். ஐம்பது அமீன்களும் ஐம்பது இணைப்புப் பொருள்களும் கையில் இருந்தால் 2,500 சாயங்களுக்கு வழி உண்டு. ஒரு மூலக்கூறுக்குள் அசோ பிணைப்பை இரண்டு, மூன்று முறை வைக்கலாம் என்றால் கணக்குக்கு எல்லையே இல்லை.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பென்சீனுக்கு நிறம் கிடையாது. அது விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை. அனிலீனும் தூய நிலையில் நிறமற்றதே. பிறகு இவை சேர்ந்ததும் நிறம் எப்படி வருகிறது?

பென்சீன் வளையத்தில் சில எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாகாமல் வளையம் முழுக்க உலவுகின்றன. இரண்டு வளையங்களுக்கு நடுவே நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு வரும்போது, இரண்டு குளங்களுக்கிடையே வாய்க்கால் வெட்டியதுபோல் ஆகிவிடுகிறது. எலக்ட்ரான்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பரவுகின்றன. பரவும் இடம் நீள நீள, அவற்றைக் கிளர்த்தத் தேவைப்படும் ஆற்றல் குறைகிறது. புற ஊதாவுக்குப் பதிலாக, ஆற்றல் குறைந்த நீல ஒளியே போதுமானதாகிவிடுகிறது. வெள்ளை ஒளியிலிருந்து நீலம் உறிஞ்சப்பட்டால், எஞ்சியது நம் கண்ணுக்கு மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ தெரியும். பென்சீன் வளையத்துக்குப் பதில் பெரிய நாப்தலீன் வளையம் வைத்தால் நிறம் சிவப்பை நோக்கி நகரும். இன்னோர் அசோ பிணைப்பைச் சேர்த்தால் நீலம், கறுப்புவரை போகலாம்.

ஆரம்பகாலத்தவர்களுக்கு எலக்ட்ரானே தெரியாது. அது கண்டுபிடிக்கப்பட்டது 1897இல். அப்படியிருந்தும் அமைப்புக்கும் நிறத்துக்கும் உள்ள உறவை அவர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். பென்சீன் ஒரு வளையம் என்று 1865இல் சொன்ன கெகுலே, டையசோ சேர்மங்களில் இரண்டு நைட்ரஜன்களும் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருப்பதாக அடுத்த ஆண்டே எழுதினார். காகிதத்தில் வரைபடம் போட்டு, ஆய்வகத்தில் நிறம் எடுக்கும் காலம் அப்போது தொடங்கியது.

வரைந்து வைத்துச் செய்த சாயம்

சந்தைக்கு வந்த முதல் அசோ சாயம் 'அனிலீன் மஞ்சள்'. லண்டனின் சிம்சன், மால் அண்ட் நிக்கல்சன் நிறுவனம் 1863இல் அதை விற்றது. வேதியியல் பெயர் அமினோ அசோ பென்சீன். துணியில் நிலைக்காத சாயம் என்பதால் அது எடுபடவில்லை. அதே காலத்தில் மான்செஸ்டரில் வேலை பார்த்த கார்ல் மார்ட்டியஸ் ஒரு பழுப்புச் சாயம் தயாரித்தார். இங்கிலாந்தில் அது 'மான்செஸ்டர் பிரவுன்', ஜெர்மனியில் 'பிஸ்மார்க் பிரவுன்'. இவை இரண்டுமே அசோ என்று தெரியாமலே முதலில் பிறந்தவை.

தெரிந்தே செய்தவர் ஒட்டோ விட். இளம் வேதியியலாளரான அவர், லண்டனை அடுத்த பிரென்ட்ஃபர்டில் ஒரு சாய ஆலையில் பணியாற்றினார். அவர் யோசித்த விதம் அழகானது. அனிலீன் மஞ்சளில் அமினோ தொகுதி ஒன்று, நிறம் மஞ்சள். பிஸ்மார்க் பிரவுனின் ஆதாரமான சேர்மத்தில் அமினோ தொகுதி மூன்று, நிறம் பழுப்பு. இரண்டு அமினோ தொகுதி உள்ள ஒன்று இவற்றுக்கு நடுவே இருந்தாக வேண்டும், அதன் நிறம் ஆரஞ்சாக இருக்க வேண்டும். செய்து பார்த்தார். ஆரஞ்சேதான் வந்தது. 'கிரைசாய்டின்' என்ற அந்தச் சாயம் 1876இல் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில் ஹைன்ரிக் காரோவும் அதே சாயத்தைத் தனியே கண்டிருந்தார்.

அதே 1876இல் விட் தன் நிறக் கோட்பாட்டை வெளியிட்டார். நிறத்துக்கு ஆதாரமான தொகுதி 'குரோமோஃபோர்'. அசோ பிணைப்பு அதற்கு உதாரணம். அந்த நிறத்தை ஆழமாக்கி, நாரில் பிடிக்கவும் வைக்கும் அமினோ, ஹைட்ராக்சில் போன்றவை 'ஆக்ஸோகுரோம்'. இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்தச் சொற்கள், இருபதுகளில் இருந்த ஓர் ஆலை ஊழியரின் கொடை.

பாரிஸில் புவாரியே நிறுவனத்துக்காக ஸகாரி ரூசேன் நாப்தால்களைக் கொண்டு பளிச்சென்ற ஆரஞ்சுச் சாயங்களை உருவாக்கினார். அவற்றின் சேர்மானம் ரகசியமாக இருந்தது. பெர்லினில் இருந்த மூத்த வேதியியலாளர் ஹோஃப்மன், சந்தையில் விற்ற கிரைசாய்டினையும் இந்த ஆரஞ்சுச் சாயங்களையும் 1877இல் பகுத்தாய்ந்து, சேர்மானத்தை ஊரறிய வெளியிட்டார். கண்டவர்களுக்கு மனவருத்தம் இருந்திருக்கும். ஆனால், பொதுவாகிப்போன அறிவைக் கொண்டு ஜெர்மனியின் ஆலைகள் புகுந்து விளையாடின. காப்புரிமைச் சட்டமும் அதே ஆண்டு ஜெர்மனியில் வந்தது. ஆலைகளுக்குள் ஆராய்ச்சிக்கென்றே வேதியியலாளர்களை வேலைக்கு வைப்பது வழக்கமானது. ஒரு வினை தெரிந்தபின் அதன் கிளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதற்கு அத்தனை ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

பருத்தியின் பிடிவாதம்

கம்பளியும் பட்டும் புரதம். அவற்றில் அமில வண்ணங்கள் பிடிக்க நேர்மின் தன்மையுள்ள இடங்கள் உண்டு. சாய மூலக்கூறில் சல்ஃபோனிக் அமிலத் தொகுதி ஒன்றைச் சேர்த்துவிட்டால் நீரிலும் கரையும், கம்பளியிலும் ஒட்டும். பருத்தியோ செல்லுலோஸ். அதில் அப்படிப்பட்ட இடங்கள் இல்லை. படிகாரம், டானின் போன்ற நிறமூன்றிகளில் துணியை முதலில் ஊறவைத்து, பிறகு சாயம் ஏற்ற வேண்டும். காலமும் கூலியும் கூடிய வேலை.

இந்தப் பிடிவாதத்தை இரண்டு வழிகளில் உடைத்தார்கள். முதல் வழி ஹடர்ஸ்ஃபீல்டின் ஹாலிடே குடும்பத்தாருடையது. 1880இல் அவர்கள், சாயத்தைத் தொட்டியில் செய்யாமல் நாருக்குள்ளேயே செய்தார்கள். துணியை நாப்தால் கரைசலில் முக்கி உலர்த்தி, பிறகு குளிர்ந்த டையசோ கரைசலில் இறக்கினால், இழைகளுக்குள் புகுந்த நாப்தால் அங்கேயே சாயமாக மாறிவிடும். நீரில் கரையாத சாயம் என்பதால் வெளுப்பில் போகாது. நம் கைத்தறி நூல் சாயப்பட்டறைகளில் 'நாப்தால் கலர்' என்று வழங்குவது இதன் வாரிசைத்தான்.

இரண்டாவது வழி 'காங்கோ சிவப்பு'. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய பால் போட்டிகர் 1883இல் இதைக் கண்டார். நிறுவனம் ஆர்வம் காட்டாததால், தன் பெயரிலேயே காப்புரிமை பெற்று பெர்லினின் அக்ஃபா நிறுவனத்துக்கு விற்றார். அக்ஃபாவைத் தொடங்கியவர்களில் ஒருவர் பிஸ்மார்க் பிரவுன் தந்த அதே மார்ட்டியஸ். ஆப்பிரிக்காவைப் பங்குபோட ஐரோப்பிய நாடுகள் 1884-85இல் பெர்லினில் கூடியிருந்த நேரம் அது. காங்கோ என்ற பெயர் செய்தித்தாள்களில் தினமும் அடிபட்டது. சாயத்தை விற்க அந்தப் பெயரையே சூட்டிவிட்டார்கள்.

காங்கோ சிவப்பின் நடுத்தண்டு பென்சிடின் என்ற அமீன். அதன் இரு முனைகளிலும் அசோ பிணைப்பு, அதற்கப்பால் நாப்தலீன் வளையங்கள். நீண்டு தட்டையான இந்த மூலக்கூறு, செல்லுலோஸ் சங்கிலியோடு ஒட்டிப் படுத்துக்கொள்கிறது. படிகாரம் வேண்டாம், டானின் வேண்டாம். சாயமும் உப்பும் போட்ட வெந்நீரில் வெள்ளைத் துணியை இறக்கினால், சிவந்து வரும். வெளுப்பிலும் வெயிலிலும் மங்கும் என்பது குறை. அமிலம் பட்டால் நீலமாகிவிடும் என்பது இன்னொரு குறை. அப்படியிருந்தும் ஏழை எளியவர் உடுத்தும் பருத்திக்கு மலிவாக நிறம் கிடைத்தது என்பதால் பெருமளவில் விற்றது. 'இல்லை' என்று விட்ட பேயர், தன் வேதியியலாளர் கார்ல் டுயிஸ்பெர்க்கைக் கொண்டு பென்சோபர்ப்யூரின் என்ற உறவுச் சாயத்தை உருவாக்கிப் போட்டிக்கு வந்தது. கடைசியில் அக்ஃபாவும் பேயரும் கைகோத்து, வேறொரு போட்டி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன.

அந்த வழக்கில் எழுந்த கேள்வி முக்கியமானது. டையசோ செய்து இணைப்பது கிரீஸ் காலத்திலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த முறை. தெரிந்த முறையில் செய்த பொருளுக்குக் காப்புரிமை எப்படி? லைப்சிக் உச்ச நீதிமன்றம் 1889இல் தீர்ப்பளித்தது: முறை பழையதானாலும், அதிலிருந்து எதிர்பாராத புதுப் பயன் கிடைத்தால் அது கண்டுபிடிப்புதான். மருந்து நிறுவனங்கள் இன்றுவரை இந்தத் தர்க்கத்தைக் கைக்கொள்கின்றன.

பட்டறையில் விழுந்த நிழல்

1895இல் பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரென், மருத்துவர்களின் மாநாடு ஒன்றில் ஒரு செய்தியைச் சொன்னார். மெஜந்தா தயாரித்த ஓர் ஆலையில் 45 தொழிலாளர்களில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. பொதுமக்களிடம் அரிதான நோய், ஒரே கூரையின்கீழ் மூன்று பேருக்கு. அந்த ஆலையின் புகையும் தூசும்தான் காரணமாக இருக்க வேண்டும் என்றார் ரென்.

அந்தச் சாயம் அசோ குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால், ரென் காட்டிய திசையில் பிறகு தேடியவர்கள் கண்ட முதன்மைக் குற்றவாளிகள் பென்சிடினும் பீட்டா நாப்தைலமீனும். இரண்டும் அசோ சாயங்களின் மூலப்பொருள்கள். உடம்பில் புகுந்து பத்து, இருபது, சில சமயம் முப்பது ஆண்டுகள் கழித்து நோயாக வெளிவரும். அதற்குள் தொழிலாளி ஆலையை விட்டே போயிருப்பார். 1938இல் ஆய்வாளர் வில்ஹெல்ம் ஹியூப்பர், பீட்டா நாப்தைலமீன் கொடுத்த நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்று வருவதை நிறுவினார். பிரிட்டனின் சாய ஆலைகளைப் பற்றிய விரிவான ஆய்வு 1954இல் வந்தது. ரென் எச்சரித்ததற்கும் ஆலைகள் இந்தப் பொருள்களைக் கைவிடத் தொடங்கியதற்கும் இடையில் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. தொழிலாளர்களின் ஆயுளை விலையாகக் கொடுத்த அரை நூற்றாண்டு அது.

ஆபத்து மூலப்பொருளோடு நிற்கவில்லை. கட்டிய பிணைப்பு உடையவும் கூடும். அசோ பிணைப்பைக் கல்லீரலின் நொதிகளும் குடலின் பாக்டீரியாக்களும் வெட்டும். நடுவில் வெட்டுப்பட்டால் இருபுறமும் இருந்த வளையங்கள் அமீன்களாகப் பிரியும். காங்கோ சிவப்பு உடைந்தால் பென்சிடின் வரும். ஜப்பானின் கியோட்டோவில் பட்டுக் கிமோனோக்களில் ஓவியம் தீட்டியவர்கள், தூரிகையின் நுனியைக் கூராக்க நாவால் ஈரப்படுத்துவது வழக்கம். அவர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்று மிகுந்திருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 1970களின் தொடக்கத்தில் கவனித்தார்கள். ஆலைப் பக்கமே போகாதவர்களுக்கு, முடிந்த சாயமே நஞ்சானது.

அதே வெட்டு, மருந்தாக

அதே வெட்டு உயிரையும் காத்திருக்கிறது. 1932இல் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில், ஜோசப் கிளாரரும் ஃபிரிட்ஸ் மீட்ச்சும் தயாரித்த ஒரு சிவப்பு அசோ சாயத்தை, கெர்ஹார்ட் டோமாக் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி செலுத்தப்பட்ட சுண்டெலிகள் அவை. சாயம் பெற்றவை பிழைத்தன, பெறாதவை மாண்டன. 'புரொன்டோசில்' என்று பெயரிடப்பட்ட அதன் அமைப்பைப் பார்த்தால், விட் செய்த கிரைசாய்டினின் ஒரு முனையில் சல்ஃபோனமைடு தொகுதியை ஒட்டியதுதான். ஊசி குத்திய காயத்தில் கிருமி பரவித் துடித்த தன் மகளுக்கே டோமாக் இதைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

ஒரு புதிர் மட்டும் மிஞ்சியது. எலியின் உடம்பில் கிருமியைக் கொல்லும் புரொன்டோசில், சோதனைக் குழாயில் ஒன்றும் செய்யவில்லை. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டிரெஃபுவேல் தம்பதியும் நிட்டி, போவே ஆகியோரும் 1935இல் விடை கண்டார்கள். உடம்பு அசோ பிணைப்பை வெட்டுகிறது. வெட்டியதும் வெளிவரும் நிறமற்ற சல்ஃபனிலமைடுதான் கிருமியை முடக்குகிறது. சிவப்பு நிறத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. சல்ஃபனிலமைடு 1908இலேயே தயாரிக்கப்பட்ட பொருள் என்பதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. பென்சிலின் கைக்கு வருவதற்கு முன், பிரசவக் காய்ச்சலிலிருந்தும் நிமோனியாவிலிருந்தும் உலகெங்கும் எண்ணற்றோரைக் காத்தவை சல்ஃபா மருந்துகளே. மூட்டுவாதத்துக்கும் பெருங்குடல் அழற்சிக்கும் இன்றும் தரப்படும் சல்ஃபசலசீன், குடல் பாக்டீரியா வெட்டுவதை நம்பியே வேலை செய்கிற அசோ சேர்மம்.

மருத்துவமனை ஆய்வகங்களிலும் கிரீஸ் இருக்கிறார். மஞ்சள் காமாலை நோயாளியின் ரத்தத்தில் பிலிருபினை அளக்கும் பரவலான முறை, அதை டையசோ பொருளோடு சேர்த்து அசோ சாயமாக்கி நிறத்தை அளப்பதுதான். சிறுநீரில் நைட்ரைட் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டை, கிரீஸ் 1879இல் வெளியிட்ட சோதனையின் வழிவந்தது.

நமக்கு என்ன தெரிய வேண்டும்?

ஜெர்மனி 1994இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2002இலும் சட்டம் கொண்டுவந்தன. புற்று விளைவிக்கும் இருபதுக்கும் மேற்பட்ட அமீன்களைப் பட்டியலிட்டு, உடலில் படும் துணியிலும் தோல் பொருள்களிலும் அவற்றை உமிழும் சாயங்களைத் தடைசெய்தார்கள். அந்தப் பட்டியலில் 1863இன் முதல் அசோ சாயமான அமினோ அசோ பென்சீனும் இருக்கிறது. இந்திய அரசும் பென்சிடினை அடிப்படையாகக் கொண்ட 42 சாயங்களையும், 1997இல் மேலும் 70 அசோ சாயங்களையும் தடைசெய்தது.

திருப்பூரிலும் கரூரிலும் ஏற்றுமதி செய்பவர்களுக்கு 'அசோ ஃப்ரீ' சான்றிதழ் பழகிய ஒன்று. அசோ சாயமே கலக்காத துணி என்று பலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியல்ல. தடைசெய்யப்பட்ட அமீன்களை உமிழாத துணி என்பதே அதன் பொருள். பின்னலாடைகளுக்கு இன்று போடும் ரியாக்டிவ் சாயங்களிலும் பெரும்பாலானவை அசோ பிணைப்பு உள்ளவைதான். 1950களில் மான்செஸ்டரில் உருவான இவை, பருத்தியோடு வேதிப் பிணைப்பாலேயே இணைந்துவிடுவதால் காங்கோ சிவப்பைப்போல் வெளுத்துப்போவதில்லை. அசோ சாயம் எல்லாமே விஷம் என்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லாமே நல்லது என்று நம்பவும் முடியாது.

சமையலறைக்கும் இது பொருந்தும். சில இனிப்புகளில் குறிப்பிட்ட அளவுக்குள் டார்ட்ராசின் சேர்க்க அனுமதி உண்டு. துவரம்பருப்பில் மெட்டானில் யெல்லோ கலந்தாலும், மிளகாய்த்தூளில் சூடான் சாயம் கலந்தாலும் குற்றம். இந்த மூன்றுமே அசோ குடும்பம்தான் என்பதால் பெயரை வைத்து நல்லது கெட்டதைப் பிரிக்க முடியாது. வெட்டுப்பட்டால் அந்த மூலக்கூறிலிருந்து எது வெளிவரும், அது உடம்பில் எங்கே போகும் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்கும் அறிவு நம்மிடம் இப்போது இருக்கிறது. 1895இல் அரைகுறையாக இருந்தது, அப்போதே அதைப் புறந்தள்ளினார்கள். இனியும் அப்படிச் செய்ய யாருக்கும் நியாயம் கிடையாது. வெளிநாட்டு வாங்குபவரின் தோலுக்குக் கேட்கப்படும் சான்றிதழ், சாயப்பொடியை வெறுங்கையால் அள்ளிக் கலக்கும் பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டும். கையுறையும் முகக்கவசமும் ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனையும் சாயத்தின் விலையில் சேர்ந்த செலவுகள். அதைக் கொடுக்காமல் கிடைக்கும் நிறம் மலிவானதல்ல, அதன் மிச்ச விலையை வேறொருவர் செலுத்துகிறார்.